இரண்டு பெயர்களைச் சொல்லாத உபதேசியார்

சிரம்பானை ஒட்டிய பாரோயில் எனக்கு நான்கு வீடுகள் இருக்கின்றன. நான்குக்கும் நானே சாந்து குழைத்தேன். ஓட்டை லாரி ஒன்றை வைத்துத் தொடங்கிப் பதினோரு லாரி ஓடும் கம்பெனி ஆக்கினேன். தெமியாங்கில் நம் ஆட்கள் கல்யாணம் வைக்க மண்டபம் எழுப்பினேன். ஏழு பிள்ளைகள், ஏழு பேரையும் படிக்க வைத்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது இவ்வளவும். நம் மாதா கோயிலையும் நான்தான் கட்டினேன். அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகைச் சுவருமாக ஒழுகிக்கொண்டிருந்ததைக் கல் கட்டடம் ஆக்கினேன். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட மலாயா அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்துக் கம்பிவேலிக்குள் ஒரு மூட்டை சிமெண்டு வருவதற்கும் பெர்மிட் வேண்டும். துரையின் வாசலில் நாள்கணக்காக நின்று அதை வாங்கியவன் நான். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் விழா மலருக்கு எழுதித் தரும்படி கோயில் செயலாளர் வீட்டுக்கு வந்து கேட்டார். "அங்கிள், கோயில் கட்டின கதையை ரெண்டு பக்கம் எழுதுங்க லா. படத்தைப் பெருசா போடுறோம்" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். மேலே எழுதியிருப்பதற்கு அப்பால் கை ஓடவில்லை. எனக்கு முன்னால் அந்தப் பலகைக் கோயிலை நடத்தியவர்தான் கண்முன் வந்து நிற்கிறார். ஆகவே அவரைப் பற்றி எழுதுகிறேன்.

எங்களுக்கு அவர் உபதேசியார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பூசை வைக்கச் சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவதும், சாகக் கிடக்கிறவர்களின் தலைமாட்டில் நிற்பதும் இவர் வேலை. அதற்குக் கூலி கிடையாது. விடிந்தால் எங்களைப் போல அவரும் உளியை எடுத்துக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போவார். முப்பது வயதிருக்கும். ஒல்லி. கழுத்துப் பித்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை. யாராவது ஏதாவது கேட்டால் இரண்டு கைகளையும் கைலியில் துடைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார், பதிலைக் கையில் எடுத்துக் கொடுக்கப் போகிறவர்போல.

அவர் பொய் சொல்ல மாட்டார். இப்படி எழுதினால் எல்லாரையும் பற்றி எழுதுவதுபோல இருக்கிறது. கொஞ்சம் விளக்குகிறேன்.

மரம் சீவும்போது உளி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும். காயத்தில் சேற்றைத் தடவி மறைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவது எங்கள் வழக்கம். வேலை முடிந்ததும், எங்களை மேற்பார்க்கும் மண்டோர், "இன்னிக்கி எவனாச்சும் காயம் போட்டீங்களாடா?" என்று கேட்பார். பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. கேட்டுவிட்டு வெற்றிலை எடுக்கப் போய்விடுவார். உபதேசியார் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு, "மூணு மரம், மண்டோரே" என்பார்.

"யோவ், ஒங்களையா கேட்டேன்?"

"எவனாச்சும்னு கேட்டீங்களே."

இன்னொரு நாள் வேலி வாசலில். வெளியே காட்டில் இருப்பவர்களுக்கு உணவும் மருந்தும் போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகும் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். "அரிசி, சீனி, மருந்து ஏதாச்சும் இருக்கா?" என்று காவலர் கேட்டார். இவர் "இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஓர் இருமல் மாத்திரையை எடுத்துக் காட்டினார். அவ்வளவுதான், வரிசை நின்றுவிட்டது. மேலதிகாரி வந்து பார்க்கும்வரை ஒருவரும் நகரக் கூடாது என்றார்கள். பின்னால் நின்ற அக்கா ஒருவர் கத்தினார். "ஒரு இருமல் மாத்திரைக்கு நாப்பது பேரு நிக்கிறோம். ஒங்க உண்மைய வீட்டுலயே வச்சிட்டு வரக் கூடாதா, உபதேசியாரே?"

"கேட்டாரே, அக்கா."

காவலருக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. "அப்படின்னா சொல்லு. இந்தம்மா மடியில என்ன வச்சிருக்கு?" என்று அந்த அக்காவைக் காட்டிக் கேட்டார். உபதேசியார் கையைத் துடைத்துக்கொண்டார். "அத அவங்ககிட்ட கேளுங்க. என் மடியப் பத்தித்தான் நான் சொல்ல முடியும்" என்றார்.

அவர் சட்டம் இவ்வளவுதான். கேட்டவனுக்குத் தன்னைப் பற்றி உள்ளதைச் சொல்வார். கேட்காதவனிடம் போய்க் கொட்ட மாட்டார். அடுத்தவரைப் பற்றியது தன்னுடையது அல்ல என்று விட்டுவிடுவார்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தங்கையைக் கரையேற்றும் பொறுப்பு என் தலையில் இருந்தது. அவளுக்கு உபதேசியார்மேல் எண்ணம் இருந்தது எனக்குத் தெரியும். அவர் ஜெபமாலை சொல்லும் நாளில் மட்டும் முன்வரிசையில் போய் உட்காருவாள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. உபதேசியார் மச்சான் என்றால் ஒரு மதிப்பல்லவா. ஒரு நாள் காலை, மரம் சீவி முடித்துப் பால் வடிவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில், அவர் சீவும் மர நிரையில் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது, உபதேசியாரே. நம்ம தங்கச்சியக் கட்டிக்குங்க."

"வேணாம் தம்பி."

"ஏன், புள்ளைக்கி என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல. நல்ல புள்ள."

"சாமியாராப் போகப் போறீங்களா?"

"இல்ல."

"வேற தோட்டத்துல யாரையாச்சும் கட்டி வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்தான்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன்னு கேட்டா நான் சொல்லியாகணும். கேக்கத்தான் வேணுமா தம்பி?"

"ஆமா. கேக்கிறேன்."

கையைத் துடைத்துக்கொண்டார். தனக்குப் பெண்கள்மேல் ஆசை வந்ததே இல்லை என்றார். ஆண்கள்மேல்தான் வந்தது. இப்போது ஒருத்தர்மேல் பிரியம், பல வருஷமாக. "இந்த மனச யாரு வச்சதுன்னு எனக்குத் தெரியல. இல்லன்னு சொன்னா பொய்யாப் போயிரும். ஒந்தங்கச்சி கழுத்துல தாலி கட்டினா அதவிடப் பெரிய பொய்யி, அதுவும் பீடத்துக்கு முன்னால. அந்தப் புள்ள வாழ்நாள் பூரா அந்தப் பொய்க்குச் சோறாக்கிப் போடணும்."

அதுவரை வாங்க போங்க என்று பேசியவன், "நீயா ஜெபம் சொல்றே? நீயா புள்ளைங்களுக்கு ஆறாங் கட்டளை சொல்லித் தர்றே?" என்றேன். நீ என்றதை அவர் திருத்தவில்லை.

"சொல்லித் தர்றேன். அதும்படி இருக்கவும் செய்யிறேன். கற்புன்னா பொம்பளைங்களுக்கு மட்டும் சொன்னதுன்னு நெனச்சியா தம்பி?"

"அப்ப ஞாயித்துக்கிழமையான லிங்கி பக்கம் சைக்கிள் மிதிக்கிறியே, அது?"

"அவரப் பாக்கத்தான் போறேன். ரெண்டு பேரும் உக்காந்து ஜெபமாலை சொல்லுவோம். பேசிக்கிட்டிருப்போம். வந்துருவேன். அவ்வளவுதான் எங்களுக்கு. அவ்வளவு போதுமான்னு கேட்டின்னா, போதல. ஆனா அவ்வளவுதான்."

"யாரு அவன்?"

"அது என்னோடது இல்ல. என்னப் பத்திக் கேளு."

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு என் நிரையில் எத்தனை மரத்தின் மங்குக் கிண்ணத்தில் பால் நிறைந்து வழிந்ததோ, கவனிக்கவில்லை.

தங்கையிடம், "அவனுக்கு வேற தோட்டத்துல பொண்டாட்டி இருக்காளாம்" என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "அவரு சொன்னாரா, நீயே சொல்றியா?" என்றாள். "அவரு வாயால வரட்டும், நம்புறேன்."

என் வார்த்தையைவிட அவர் வார்த்தை பெரிதென்று என் தங்கச்சியையே சொல்ல வைத்துவிட்டாரே என்று அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. பாருங்கள், கோபம்கூட எனக்கு அப்படித்தான் வரும், அடுத்தவர்மேல்.

அந்த மாதம் பூசைக்குச் சாமியார் வந்தபோது தனியாகப் போய்ச் சொன்னேன். வெள்ளைக்காரச் சாமியார், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவர் என்ன செய்தார்?" என்றார்.

"ஒண்ணும் செய்யல சாமி. ஆனா அவரு அப்படிப்பட்ட ஆளு."

"அவருடைய ஆன்மாவைப் பற்றி நான் உன்னிடம் பேசமாட்டேன். ஒன்று மட்டும் கேள். சுமை வேறு, பாவம் வேறு. சுமக்கிறவனைப் பார்த்து நீ கல் எடுக்காதே. உபதேசியாராக அவரே இருப்பார்."

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு உபதேசியார் ஒவ்வொரு மாதமும் முதல் ஆளாக மண்டியிடுவார். எழுந்து வர வெகுநேரம் ஆகும். வரிசையில் நிற்கும் பெண்கள், "இந்த மனுசன் அப்படி என்னத்தப் பண்ணிட்டாரு?" என்று சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சிரித்தவன்தான். அன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சாமியாருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் அவரை வைத்திருக்கிறார், என்னை ஒதுக்கிவிட்டார் என்று மனசு புகைந்துகொண்டே இருந்தது.

அந்தப் புகைச்சலில் இருக்கும்போதுதான் தாள் வந்தது.

ஒரு காலை வேலைக்கு விடவில்லை. பட்டாளம் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி நின்றது. வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு உதவுவது யார், சந்தேகமாக எங்கேயாவது போய்வருவது யார், தெரிந்ததை எழுத வேண்டும். கையெழுத்து வேண்டாம். பூட்டிய பெட்டியில் போட்டுவிட வேண்டும். யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடுதாசி எழுத, மனு எழுத எப்போதும் யாரிடம் ஓடுவார்களோ அவரிடமே ஓடினார்கள். யாருக்கும் தெரியாமல் எழுதச் சொன்ன தாளை, லயமே ஓர் ஆளிடம் நீட்டி எழுதி வாங்கியது. அவரும் கோயில் பலகையில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும், "ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டுக் கேட்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவருடைய உருண்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நாற்பது தாளாவது இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தவனாயிற்றே. என் தாளை நானே எழுதினேன். "உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் லிங்கி பக்கம் ஒரு ஆளைப் பார்க்கப் போகிறார். யார் என்று கேட்டால் சொல்வதில்லை. துணி மூட்டை கொண்டு போகிறார்."

ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பல வருஷம் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த மூட்டையில் ஜெபப் புத்தகமும் மாற்றுச் சட்டையும்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வேலி வாசலில் ஞாயிறுதோறும் அவிழ்த்துக் காட்டுவாரே, பார்த்திருக்கிறேன். அதை மட்டும் எழுதவில்லை. ஆறாம் கட்டளையை வைத்து அவரை அளந்தவன், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை இப்படி உடைத்தேன்.

பெட்டியைத் திறந்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இப்போது யோசித்தால் புரிகிறது. ஒரே கையெழுத்தில் நாற்பது பேர் ஒன்றும் தெரியாது என்கிறார்கள். வேறு கையெழுத்தில் ஒரே ஒரு தாள், அந்த ஆளைக் கவனி என்கிறது. லயத்தையே வாய் கட்டி வைத்திருக்கிறான் இவன் என்று நினைக்க வேறென்ன வேண்டும்?

ஞாயிறு காலை ஜெபத்துக்கு ஆட்கள் கூடியிருந்தபோது பட்டாளத்தார் வந்து அவரைப் பிடித்தார்கள். சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டே போனார். லாரியில் ஏறுமுன் என்னைத் தேடிப் பார்த்து, "தம்பி, ஜெபமாலைய நீ ஆரம்பிச்சிரு. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். என் கோபத்தை அறிந்தவர், கூட்டத்தில் சத்தமாக வாசிக்கத் தெரிந்த இன்னொருவன் நான்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டார். நான் ஆரம்பித்தேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஜெபம் சொல்கிறவன் நான் ஆனேன். அதனால் துரைக்குத் தெரிந்தவன் ஆனேன், அதனால் லாரி, அதனால் மற்றதெல்லாம்.

இதுவரை எழுதியதைக் கோபத்தில் செய்தது என்று யாராவது மன்னித்துவிடலாம். அடுத்து எழுதப் போவதை அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டு ஞாயிறு கழித்து ஒருவர் சைக்கிளில் வேலி வாசலுக்கு வந்து ஜெபம் முடியும்வரை வெளியே நின்றார். தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமார் போடும் அரைக்கால்சட்டையும் நீளக் காலுறையும். எங்கள் பக்கத்து ஆள் இல்லை. நான் வேலியருகே போனேன்.

"உபதேசியார் ரெண்டு வாரமா வரலீங்க. ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

"புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு?"

"லிங்கி பக்கம் யாரையோ பாக்கப் போவாராம். யாருன்னு கேட்டா வாயத் தொறக்கலயாம்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முள்ளில் கை பட்டதுகூடத் தெரியவில்லை அவருக்கு. "நான் போய்ச் சொன்னா விட்டுருவாங்கல்ல? என்னத்தான் பாக்க வந்தாருன்னு?" என்றார்.

விட்டிருப்பார்கள். தோட்டத்துக் கிராணி, பிள்ளைகுட்டிக்காரர், கோயிலுக்குப் போகிறவர், துரையின் ஆள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? ஆனால் விசாரணை திரும்பினால் தாளை எழுதியவன் யார், எதற்கு எழுதினான் என்று வரும். அதை ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன்.

"ஒங்களுக்கு புள்ளைங்க இருக்கா?" என்றேன்.

"மூணு."

"அப்ப போகாதீங்க. என்ன பழக்கம், எதுக்கு வந்தாருன்னு நோண்டி நோண்டிக் கேப்பானுங்க. அவருக்குப் பொய் சொல்ல வராது, தெரியுமில்ல? வீட்டுல தெரிஞ்சா என்ன ஆவும்? ஒங்களக் காப்பாத்தத்தானே அவரு வாயப் பொத்திக்கிட்டு இருக்காரு. அதக் கெடுத்துராதீங்க."

அவர் என்னை நம்பினார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பயந்திருந்த மனிதனுக்கு, திரும்பிப் போவதே நல்லது என்று நல்ல வார்த்தையில் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் போதாதா? "நீங்க சொல்றது சரிதாங்க" என்று சைக்கிளைத் திருப்பினார். பிறகு வரவே இல்லை. அந்தக் கிராணி இறந்துபோனார் என்று பிற்பாடு கேள்வி. பெயர் எனக்குத் தெரியாது. விசாரித்து அறியவும் இல்லை.

சாமியார் அலைந்து பார்த்தார், நடக்கவில்லை. உபதேசியாரை முகாமில் வைத்திருந்து, கடைசியில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவர். அங்கே அவருக்கு யார் இருந்தார்களோ தெரியாது. ஒரு கடுதாசியும் வரவில்லை.

நடுவில் நான் பாவசங்கீர்த்தனம் செய்யாமலில்லை. "பொய் சொன்னேன், சாமி" என்று, கோபம், குடி, கெட்ட பேச்சு எல்லாவற்றுக்கும் நடுவில் செருகிச் சொல்லிவிட்டு, மூன்று பிரியதத்த ஜெபம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். லாரி ஓட்டிய காலத்தில் எந்தெந்த ஊரில் எந்தெந்த வீட்டில் தங்கினேன் என்பதையும் அப்படித்தான் செருகினேன். பீடத்தின் முன்னால் தாலி கட்டியவன் நான். பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றபோது என்னை ஒருவரும் ஏற இறங்கப் பார்த்ததில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து, சிரம்பான் பசாரில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரோடு தேத்தண்ணி குடிக்க நேர்ந்தது. அவசரகாலத்தில் விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்க்கப் போனவர். எங்கள் தோட்டத்தின் பெயரைக் கேட்டதும், "அங்கதானே அந்த உபதேசியார்?" என்றார்.

"ரெண்டே கேள்வி லா. லிங்கியில யாரப் பாக்கப் போனே? இந்தத் தாள யாரு எழுதினதுன்னு தெரியுதா? தாள கையில கொடுத்துட்டாங்க. பாத்தாரு. ரெண்டுக்கும் ஒரே பதிலு. தெரியும், ஆனா சொல்ல மாட்டேன். விசாரிச்ச வெள்ளைக்காரத் துரைக்கு வந்த கோபத்த பாக்கணுமே! தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுயான்னு நானே தமிழ்ல கெஞ்சினேன். கையி ரெண்டையும் தொடச்சிக்கிட்டு, தெரியுதே ஐயா, எப்படித் தெரியாதுன்னு சொல்றதுன்னாரு."

அந்நாளில் கோயில் ஜெப முறைப் பட்டியலை எழுதி ஒட்டியவன் நான். என் கோணல் எழுத்தை வாராவாரம் பார்த்தவர் உபதேசியார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

இன்று பிள்ளைகள் பூசை முடிந்து வாசலில் நின்று, ஆணுக்கு ஆண்மேல் பிரியம் வரலாமா என்று வாதாடுகிறார்கள். திருச்சபை சொல்வது மாறாது என்கிறான் ஒருவன். மனுஷனைப் பாரு என்கிறாள் என் பேத்தி. வாதாட நான் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஓர் ஆளைத்தான். தான் இன்னார் என்பதை அவர் மறைக்கவில்லை, தான் ஏற்ற சட்டத்தையும் மீறவில்லை, அது எளிதாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அவரால் ஒருவருக்கும் கேடு வரவில்லை. கேடு வந்தது என்னால்.

செயலாளரிடம் இதையெல்லாம் வாயால் சொன்னேன். அச்சுக்குப் போகவிருக்கும் மலரில் உபதேசியாரைப் பற்றி ஒரே வரி போட்டிருக்கிறார்கள்: "தீவிரவாதத் தொடர்பால் நாடு கடத்தப்பட்டார்." அதை எடுங்கள் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "அங்கிள், அது பழைய கதை. நீங்க இப்ப சொல்றது அதவிட மோசமா இருக்கே லா. கோயில் புத்தகத்துல எப்படிப் போடுறது? அவரு பேருதான் கெடும்."

கெடாது. அவர் எனக்குச் சொன்னது பாவசங்கீர்த்தனம் அல்ல. நான் கேட்டேன், சொன்னார். வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். இத்தனை பேர் இருந்தோம், கேட்டது நான் ஒருவன்தான்.

ஆகவே விழாக் குழுவுக்குச் சொல்கிறேன். கோயில் கட்டியவன் என்று என் படத்தைப் போடுங்கள். அது உண்மை, விட்டுத்தர மாட்டேன். உபதேசியாரின் பக்கத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: அவர் குற்றமற்றவர், அவர்மேல் தாள் எழுதிப் போட்டவன் நான், காப்பாற்ற வந்த லிங்கிக்காரரைத் திருப்பி அனுப்பியவனும் நான். என் பெயரை அப்பா பெயரோடு முழுசாகப் போடுங்கள். படத்தின் கீழே போடும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும், சிறிதாக்க வேண்டாம். "ஒருவர்" என்றோ "சிலர்" என்றோ பூசி மெழுக வேண்டாம். பட்டாளம் செய்தது, காலம் அப்படி என்று அதை வேறு யாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கவும் வேண்டாம். அதை நான் தனி ஆளாகச் செய்தேன்.